அன்னாசிக் கட்டடத்தில் எனக்கு நடக்காத கல்யாணம்

வண்ணக் காகிதம் சுற்றிய சுவர்க்கடிகாரம் ஒன்றை யாரோ என் கையில் திணித்தார்கள். வாங்கிக்கொண்டு திரும்பினால் இன்னொருவர் இன்னொன்றைத் திணித்தார். அதுவும் உள்ளே டிக் டிக் என்றது.

எதிரே பட்டுச் சேலைகள். சரிகை வேட்டிகள். தலை நிறைய மல்லிகை வைத்த பெண்கள். நான் புது சஃபாரி சூட்டில், இரண்டு கைகளிலும் இரண்டு கடிகாரங்களோடு, ஒரு பொதுக்கூட்டத்தில் பேசுவதற்காக நின்றுகொண்டிருந்தேன். பேச வேண்டிய பொருள்: ‘இந்தப் பழைய கட்டடத்தைப் பொழுதுபோக்கு மன்றமாக மாற்றினால் உங்களுக்குச் சம்மதமா?’

பொதுக்கூட்டத்துக்கு யாராவது கடிகாரத்தோடு வருவார்களா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ‘மக்கள் நேரத்தின் அருமையை உணர்ந்துவிட்டார்கள்’ என்றுதான் நினைத்தேன். என் மூளையின் வேகம் அவ்வளவுதான்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, சைக்கிளிலிருந்து விழுந்த கதையைப் படித்துவிட்டு, “விழுவதைத் தவிர வாழ்க்கையில் வேறு ஏதாவது செய்திருக்கிறீர்களா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். செய்திருக்கிறேன் அம்மா. ஏறியிருக்கிறேன். ஏறாமல் எப்படி விழுவது?

மழை பெய்தால் மணக்கும் சுவர்

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தின் கடைசியில் நின்றது அந்தக் கட்டடம். வெள்ளைக்காரன் காலத்தில் அன்னாசிப் பழத்தைத் தோல் சீவி டப்பாவில் அடைத்த இடம். தடித்த தூண்கள், எட்டாத உயரத்தில் கூரை, பச்சை வண்ணம் உரிந்த பலகை ஜன்னல்கள். நான் பிறப்பதற்கு முன்பே தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆனாலும் மழை பெய்தால் அந்தச் சுவரிலிருந்து லேசாக அன்னாசி வாசம் வரும். வரும் என்று நாங்கள் சொல்லுவோம். வேறு பேட்டையிலிருந்து வந்த ஒருவர்கூட அதை முகர்ந்ததில்லை.

கட்டடத்துக்கு எதிரே சாகுல் நானாவின் கடை. குடை, பூட்டு, டார்ச் லைட் விற்பார். கடை வாசலில், ஐந்தடி நடைபாதையில், ஒரு மரப்பெட்டியின் மேல் எங்கள் கேரம் பலகை. எழுபதுகளின் கடைசி வரை என் மாலை நேரம் முழுவதும் அந்தப் பலகையின் ஓரத்தில்தான் கழிந்தது. நான் துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. கோவிந்து அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். நானா, கோவிந்து, நான். நாலாவது ஆளாக யார் அகப்பட்டாலும் பிடித்து உட்கார வைப்போம்.

என் ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சிவப்புக் காயை நான் குழியில் தள்ளியதைவிட, அடிக்கிற காயையே குழியில் தள்ளியதுதான் அதிகம். கேரத்தில் மட்டுமல்ல. முப்பத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியை மட்டும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன். தலையில் முடி ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. எங்கள் தேக்கா வட்டாரத்தில் என்னைப் பார்க்கும் அக்காமார்கள் எல்லாம், “எப்பப்பா சாப்பாடு போடுவ?” என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்கள். கேட்பதை விட்டதுதான் அதிகம் வலித்தது.

அப்போதுதான் எங்கள் சந்தில் இருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். எல்லோருக்கும் அடுக்குமாடி வீடு. நல்ல வீடுதான், குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். ஆனால் நானாவுக்குத் தெம்பனிஸ், கோவிந்துவுக்குத் தோ பாயோ, எனக்கும் என் அண்ணன் குடும்பத்துக்கும் குவீன்ஸ்டவுன். தீவின் மூன்று மூலைகள்.

கேரம் பலகையை யார் எடுத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. மூவரும் வேண்டாம் என்றோம். பலகையைக் கொண்டுபோகிறவன் அதில் தனியாகத்தான் ஆட வேண்டியிருக்கும்.

பூனை மட்டும் வந்தது

அன்னாசிக் கட்டடத்தை இடித்து லாரிகள் நிறுத்தும் இடமாக்கப் போவதாகப் பேச்சு. ஆனால் அந்தப் பகுதியைப் பார்வையிட வந்த மிஸ் லிம் என்ற இளம் அதிகாரி நானா கடையில் குடை வாங்கும்போது ஒன்று சொல்லியிருக்கிறார். இது பழைய கட்டடம், பொழுதுபோக்கு மன்றமாக மாற்றலாம் என்று அவருக்கே ஓர் எண்ணம். ஆனால் மக்களுக்கு ஆர்வம் இருப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு கூட்டம் போடுங்கள், நான் வந்து பார்த்து மேலே எழுதுகிறேன் என்றாராம்.

நானாவின் முகத்தில் குழல்விளக்கு எரிந்தது. மன்றம் வந்தால் பலகைக்கு ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமையாவது மூன்று மூலைகளிலிருந்தும் பஸ் பிடித்து வந்துவிடலாம்.

“ராயப்பா, நீதான் படிச்சவன். வீடு வீடாப் போயி ஆளுங்களக் கேளு லா” என்றார்.

படிச்சவன் என்று யாராவது சொன்னால் நான் எதையும் செய்துவிடுவேன். போனேன். கதவைத் தட்டி, “மன்றம் வந்தால் உங்களுக்கு விருப்பமா?” என்று எழுத்துத் தமிழில் கேட்டேன்.

நம் ஆட்களிடம் இது ஒரு பெரிய குணம். வீட்டு வாசலில் வந்து நிற்பவனிடம் ‘இல்லை’ என்று சொல்லவே மாட்டார்கள். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். “ரொம்ப நல்ல காரியம்”, “கட்டாயம் வர்றோம்”, “நீங்க சொல்லி வராம இருப்போமா?” நாள் முழுக்கக் காப்பி குடித்ததில் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஊரே நம் பக்கம் என்று நானாவிடம் சொன்னேன்.

கூட்டத்தன்று வந்தவர்கள்: நான், நானா, கோவிந்து, மிஸ் லிம், ஒரு பூனை. பூனையும் அங்கேயே குடியிருந்த பூனை.

மிஸ் லிம் நல்லவர். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். அன்றும் இப்படித்தான் என்றால், ஆர்வம் இல்லை என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொன்னார்.

அண்ணி சொன்ன வழி

வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணி கேட்டார்.

“என்னத்தக் கொண்டு போயி அழைச்ச?”

“வாயாலதான்.”

“வெறும் வாயாலயா? கையில தட்டு இல்லாம நம்ம ஆளுங்க எந்தக் காலத்துல வந்திருக்காங்க?”

நியாயமான கேள்வி. இங்கே ஒரு பழைய கதை. அண்ணன் கல்யாணத்துக்குச் செம்பவாங்கில் இருந்த எங்கள் சித்தப்பாவுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டோம். தட்டு வைத்து நேரில் அழைக்கவில்லை. அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. அதோடு விட்டாரா? அண்ணனுக்குப் பிள்ளை பிறந்தபோது வந்தார், வாசலிலேயே நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டு, “எனக்கு உள்ள வர அழைப்பு இல்ல” என்று திரும்பிப் போனார். அடுத்த வாரம் தட்டோடு போய் அழைத்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கினார்.

அண்ணியே தட்டைத் தயார் செய்தார். வெற்றிலை, பாக்கு, கற்கண்டு. சீனப் புத்தாண்டு முடிந்த நேரம் என்பதால் ஆரஞ்சுப் பழம் மலிவு. சந்தனம், குங்குமம்.

“அண்ணி, நாம வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. குங்குமம் எதுக்கு?”

“நீயா வச்சுக்கப் போற? எடுத்துக்கிறவங்களுக்கு வேணும்ல? பேசாமக் கொண்டு போ.”

“ஒருவழியா!”

முதல் வீடு பூக்கடை தைலம்மா அக்கா வீடு. அவருடைய வாய்க்குத் தேக்கா முழுவதும் கிளைகள் உண்டு. கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

“ஒருவழியா!” என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

சமூக சேவைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் புல்லரித்தது. “ஞாயித்துக்கிழம சாயங்காலம், அன்னாசிக் கட்டடத்துல. குடும்பத்தோட வரணும்” என்றேன். பிறகு மன்றம், கேரம், மேசைப்பந்து, தையல் வகுப்பு என்று விவரமாகச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். ஆனால் தட்டைப் பார்த்த பிறகு நம் ஆட்கள் காதைத் திறப்பதில்லை. நாளும் நேரமும் போதும். மீதி எல்லாம் அவர்களுக்கே தெரியும்.

“சரி சரி, வெட்கப்படாத” என்றார் அக்கா.

அடுத்த வீட்டுக்கு நான் போகும் முன்பே செய்தி போய்விட்டது. வாசலிலேயே காத்திருந்து தட்டை வாங்கினார்கள். ஒரு பெரியவர் என் தலையில் கை வைத்து, “காலம் கடந்தாலும் கடவுள் கைவிடல” என்றார். எனக்குள் ஒரு தலைவன் இருப்பதை இந்த ஊர் இவ்வளவு நாள் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறது என்று முடிவு செய்தேன்.

தலைவனுக்கு உடுப்பு வேண்டாமா? அன்றைக்கே தையற்காரரிடம் போய்ப் பாலேட்டு நிறத்தில் ஒரு சஃபாரி சூட் தைக்கக் கொடுத்தேன். அவரும் சிரித்துக்கொண்டே அளவெடுத்தார். கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன். “அன்பார்ந்த பெரியோர்களே” என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் அண்ணி சமையலறைக்குள் ஓடிவிடுவார்.

சிவப்பு உடையில் வந்தவர்

ஞாயிற்றுக்கிழமை. நான் உள்ளே நுழைந்தபோது நிற்க இடமில்லை. மல்லிகை வாசம் அன்னாசி வாசத்தை அடித்துத் துரத்தியிருந்தது. வீடு மாறிப் போன பழைய ஆட்கள்கூடத் தோ பாயோவிலிருந்தும் குவீன்ஸ்டவுனிலிருந்தும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். நான் சூட்டின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டேன். அப்போதுதான் அந்தக் கடிகாரங்கள் வந்தன. கூடவே ஒரு தேநீர்க் கோப்பைச் செட், ஒரு வெந்நீர்க் குடுவை.

நானா என்னைத் தூணோரம் இழுத்தார். முகம் சுருங்கியிருந்தது.

“டேய், நாம பழகுன பழக்கத்துக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?”

“என்னத்தச் சொல்லல நானா?”

“பொண்ணு யாரு?”

“எந்தப் பொண்ணு?”

அதற்குள் வாசலில் ஒரு சலசலப்பு. மிஸ் லிம் வந்தார். அன்றைக்கென்று சிவப்பு உடையில் வந்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

“சீனப் பொண்ணா?”

“அதான் இவ்வளவு நாளா மறைச்சு வச்சிருக்கான்.”

“இருந்தா என்ன, லட்சணமா இருக்கா. இவனுக்கு இதுவே அதிகம்.”

கடைசியாகச் சொன்னவர் யாரென்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

தைலம்மா அக்கா ஓடிப்போய் மிஸ் லிம்மின் தலையில் ஒரு முழம் மல்லிகையைச் செருகினார். மிஸ் லிம் மகிழ்ந்துபோய்க் கைகூப்பினார். கூட்டத்தைக் கண்ணால் அளந்தபடியே என்னிடம் வந்தார்.

“மிஸ்டர் ராயப்பன், வெரி குட் ரெஸ்பான்ஸ் லா!”

பிறகு என் கையில் இருந்த கடிகாரங்களைப் பார்த்து ஓர் அடி பின்வாங்கினார். சீனர்கள் கடிகாரம் பரிசு தர மாட்டார்கள், அபசகுனம். எனக்கு அந்த நேரத்தில் அது மிகச் சரியாகவே பட்டது. ஏனென்றால் எல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணீர், திருஷ்டி, ஒருவழியா, தையற்காரரின் சிரிப்பு. எல்லாம்.

பெட்டி மேல் ஏறினேன்

கோவிந்து என் காதில் கிசுகிசுத்தான். “வாயத் தொறக்காத மச்சான். சொன்னியோ, எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க. கட்டடம் போச்சு, பலகையும் போச்சு. அந்த அம்மா பாத்துட்டுப் போகட்டும், அப்புறமாச் சொல்லிக்கலாம்.”

நல்ல யோசனை. நானும் சரி என்றேன். நேர்மை தடுத்தது என்று இங்கே எழுத எனக்கும் ஆசைதான். தடுத்தது தைலம்மா அக்கா. அவர் மிஸ் லிம்மின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, கடைத்தெரு மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார்: “மோதிரம் எங்கம்மா? இன்னும் போடலியா?”

மிஸ் லிம் என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்ன மோதிரம்?”

மூலையில் ஒரு பழைய அன்னாசிப் பெட்டி கிடந்தது. அதன் மேல் ஏறினேன். கடிகாரங்களைக் கீழே வைக்கவும் மறந்துபோனேன்.

“அன்பார்ந்த பெரியோர்களே” என்றேன். அதற்கு மேல் மனப்பாடம் செய்தது எதுவும் வரவில்லை. “எனக்குக் கல்யாணம் இல்லங்க. இவங்க அதிகாரி. இந்தக் கட்டடத்த இடிக்கப் போறாங்க. இடிக்காம மன்றமாக்குனா வேணுமா வேணாமான்னு உங்களக் கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

இரண்டு கடிகாரங்கள் மட்டும் என் கையில் டிக் டிக் என்றன.

பிறகு இன்னொரு சத்தம். பெட்டி எனக்கு முன்பே பிறந்தது, பாவம். பலகை முறிந்து, முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டேன்.

கூட்டம் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கூரை அதற்கு முன் கேட்டிருக்காது. கோவிந்துதான் கிரேன் ஓட்டுபவனுக்கே உரிய நிதானத்தோடு என்னை மேலே தூக்கினான்.

சிரிப்பு அடங்கியதும் தைலம்மா அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

“கல்யாணம் இல்ல, சரி. சாப்பாடு இருக்கா?”

“இல்லக்கா.”

“அடப்பாவி!”

நாலு பாய், ஒரு மின்விசிறி

இப்போது எல்லோரும் போய்விடுவார்கள் என்று நானும் கோவிந்துவும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் போகவில்லை.

“பட்டச் சுத்திக்கிட்டு ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கேன். உடனே போறதுக்கா?” என்றார் ஒரு அம்மா. பக்கத்தில் இருந்தவர் அவருடைய பழைய அண்டை வீட்டுக்காரர். வீடு மாறிய பிறகு இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை. உட்கார்ந்தார்கள். விட்ட இடத்திலிருந்து ஒரு சண்டையைத் தொடர்ந்தார்கள்.

நானா முனைக்கடைக்கு ஆள் அனுப்பி மீ கோரெங் நூடுல்ஸ் கொண்டுவரச் சொன்னார். அது வருவதற்குள் கேரம் பலகை எதிர்க்கடையிலிருந்து உள்ளே வந்துவிட்டது. பிள்ளைகள் தூணுக்குத் தூண் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையிலேயே சீட்டாட உட்கார்ந்தார்கள்.

மிஸ் லிம் தலையில் பூவோடு நடந்து நடந்து பார்த்தார். தைலம்மா அக்காவிடம், மன்றம் வந்தால் அதில் என்னென்ன வேண்டும் என்று கேட்டார்.

“நாலு பாய், ஒரு மின்விசிறி, சண்டை போட ஆளுங்க” என்றார் அக்கா. “பத்தாவது மாடிக்குப் போனவங்களுக்கு எல்லாம் இருக்கும்மா. எதிர்வீட்டுக் கதவு மட்டும் தெறக்க மாட்டேங்குதாம்.”

மிஸ் லிம் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு மீ கோரெங் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது பூவை எடுக்கவில்லை.

மேலே என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் லாரிகள் வரவில்லை. வெகுநாள் கழித்துக் கூரை பிரிக்கிற ஆட்கள் வந்தார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று பயந்து ஓடிப்போய்ப் பார்த்தோம். புது ஓடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பரிசுகளைத் திருப்பிக் கொடுக்க வீடு வீடாகப் போனேன். ஒருவரும் வாங்கவில்லை. “குடுத்ததத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வீட்டுல இல்ல” என்றார்கள். ஆகவே மன்றத்தின் முதல் தேநீர்க் கோப்பைகள் என் கல்யாணப் பரிசு. சுவரில் இரண்டு கடிகாரங்கள், இரண்டிலும் வெவ்வேறு நேரம். தாமதமாக வருகிறவன் தனக்குச் சாதகமான கடிகாரத்தைக் காட்டிக்கொள்ளலாம்.

மறுபடியும் தட்டு

எண்பதுகளின் நடுவில் எனக்கு நிஜமாகவே கல்யாணம் நிச்சயமானது. பெண் செசிலியா, பள்ளி ஆசிரியை. பஜ்ஜியை நான் மூன்றாவது முறை எடுத்தபோதும் முகம் சுளிக்காத ஒரே பெண். குவீன்ஸ்டவுன் தேவாலயத்தில் பூசை, பக்கத்துக் கூடத்தில் பிரியாணி. தட்டை எடுத்துக்கொண்டு தேக்கா, தோ பாயோ, தெம்பனிஸ் என்று அலைந்து அழைத்தேன். தேவாலயம், தேவாலயம் என்று ஒவ்வொரு வீட்டிலும் அழுத்திச் சொன்னேன்.

கல்யாணத்தன்று பெண் வீட்டார் பக்கம் நிரம்பி வழிந்தது. என் பக்கம் அண்ணனும் அண்ணியும் மட்டும். பாதிரியார் தயங்கி, “கொஞ்சம் பார்க்கலாமா?” என்றார். பார்த்தோம். இந்தத் தடவை பூனைகூட வரவில்லை.

பூசை முடிந்தது. செசிலியா முக்காட்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள். “உங்களுக்குன்னு யாருமே இல்லியா?”

அதைக் கேட்ட அண்ணிதான் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ, தட்டு வச்சில்ல அழைச்ச? நீ தட்டு வச்சா அவங்க எங்க போவாங்க?”

அலங்காரக் காரைத் தேக்காவுக்குத் திருப்பினோம்.

அன்னாசிக் கட்டடத்தில் எல்லோரும் இருந்தார்கள். பட்டும் மல்லிகையுமாக. நானா சிவப்புக் காயைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோவிந்து சுவரில் இருந்த இரண்டு கடிகாரங்களையும் காட்டினான். “ரெண்டுலயுமே நீ லேட்டு.” பிரியாணி குவீன்ஸ்டவுனில் இருக்கிறது என்று கேட்டவுடன், ஒரு லாரியைத் தேடிக்கொண்டு ஓடினான்.

தைலம்மா அக்கா என்னைக் கவனிக்கவே இல்லை. நேராகச் செசிலியாவிடம் போனார். சேலையைத் தொட்டுப் பார்த்தார், மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை.

“ஏம்மா, இது நெசமாவே கல்யாணந்தானா? இல்ல இதுவும் மீட்டிங்கா?”

செசிலியா கூட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“மீட்டிங்தான்க்கா. ஆனா இனிமே இவரு பேச மாட்டாரு, நான்தான் பேசுவேன்.”

நான் கேரம் பலகைப் பக்கம் போய், நாலாவது ஆளாக உட்கார்ந்தேன்.